அந்தக் கலண்டர்த் தாள் உன்னுடையது

தங்கச்சி,

இன்றோடு மூன்று வருடம் முடிகிறது. கணினி வலையமைப்புக்குச் சிஸ்கோ நிறுவனம் தரும் சி.சி.என்.ஏ. சான்றிதழின் ஆயுள் அவ்வளவுதான். நள்ளிரவு தாண்டினால் அதை என் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள எனக்கு உரிமையில்லை. நான் அதைப் புதுப்பிக்கவில்லை. ஏன் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் குறிகள் விழும், பதில் வராது. ஆனால் இங்கே எழுதுவதற்கு அது காரணமில்லை. நான் செய்த பிழை நாலு பேர் முன்னால் நடந்தது. அதைத் திருத்துவதும் நாலு பேர் முன்னால் நடக்கட்டும்.

2022 எப்படிப் போனது என்று உனக்கு எழுதத் தேவையில்லை. எல்லா வரிசையிலும் நீயும் நின்றாய். ஒரே ஒரு இரவை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் கடைசி. மின்வெட்டு 13 மணி நேரம் வரை போன நாட்கள் அவை. என் பழைய மடிகணினியின் பற்றரி நாற்பது நிமிடம்கூடத் தாங்காது. வலையமைப்பைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருளில், கணினிகளை இணைக்கும் கருவிகளான சுவிட்சுகள் மூன்றை முக்கோணமாக இணைத்துவிட்டு, மற்ற எல்லா முனைகளும் பச்சையான பிறகும் ஒரு முனை மட்டும் ஏன் செம்மஞ்சளாகவே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரை அணைந்துபோனது. நான் கோபத்தில் மேசையில் அடித்த சத்தம் கேட்டு நீ குப்பி விளக்கைக் கொண்டுவந்தாய். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு என்பதால் திரியை இறக்கிவிட்டுத்தான் வைத்தாய்.

என் கொப்பி திறந்தபடி கிடந்தது. அதில் நான் பெருமையோடு வரைந்திருந்த மன வரைபடம். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து, வலையமைப்பை அடுக்கடுக்காக விளக்கும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளுக்கு ஏழு கிளைகள், ஏழு நிறங்கள். நீ விளக்கை நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அண்ணா, இது படமில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தை வட்டமாக எழுதி வைத்திருக்கிறீர்கள்."

எனக்குச் சுட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை நீ. நான் டிப்ளோமா முடித்தவன். ஆனால் நீ சொன்னது உண்மை. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ஏழு பெயர்களைச் சொல்ல முடிந்தது. செம்மஞ்சள் விளக்குக்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

சுவரில் தொங்கிய கலண்டரில் பெப்ரவரித் தாளைக் கிழித்தெடுத்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் போட்டாய். நடுவில் நீ எழுதியது நெட்வொர்க் என்ற சொல் அல்ல. மட்டக்களப்பு வாவியை வரைந்தாய். நகரம் இருக்கும் புளியந்தீவை வரைந்தாய். எங்கள் கல்லடிக் கரையை வரைந்தாய். பிறகு இரண்டு பாலங்கள்: 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், அதன் தோளோடு தோளாக 2013இல் திறந்த புதுப் பாலம். "இரண்டு பாலத்தையும் திறந்து வைத்துவிட்டு, எங்கே இறங்குவது என்று தெரியாத ஒருவரை அனுப்பினால் என்ன நடக்கும்?" என்று கேட்டாய். சுற்றிச் சுற்றி வருவார் என்றேன். "வருவது மட்டுமில்லை அண்ணா, ஒவ்வொரு சந்தியிலும் பெருகுவார். இணையத்தில் போகும் பொதி, அந்த ஐ.பி. பாக்கெட்டில், ஆயுளைக் காட்டும் டி.டி.எல். எண் குறைந்து குறைந்து பூச்சியமாகும்போது அது செத்துவிடும். சுவிட்சுகளுக்கிடையே ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது. அது சாகாது. ஆகவே ஒரு பாலத்தை மூடித்தான் ஆகவேண்டும்."

சுற்று உண்டாகாதபடி ஒரு இணைப்பை நிறுத்திவைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையைப் பற்றி அதற்கு முன் நான் நான்கு காணொளிகள் பார்த்திருந்தேன். அன்றுதான் விளங்கியது. அந்த முறையில் தலைமை சுவிட்சான ரூட் பிரிட்ஜ் என்பதை நீ 'வேர்ப்பாலம்' என்று எழுதினாய். எல்லா சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே இருந்தால் கருவியோடு வரும் மாக் முகவரி சிறியது எதுவோ அதுவே வேர் என்று பக்கத்தில் குறித்தாய். பிறகு செம்மஞ்சள் விளக்குக்கு வந்தாய். "அந்த முனை பழுதாகவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது தரவு எதையும் அனுப்பாது, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றது விழுந்தால் முப்பது செக்கனிலோ ஐம்பது செக்கனிலோ இது திறந்துகொள்ளும்."

நீ எந்தப் புத்தகத்தையும் திறந்ததில்லை. மாதக்கணக்கில் நான் சத்தமாகப் படித்ததைச் சமையலறையில் இருந்து கேட்டிருக்கிறாய், அவ்வளவுதான். அது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிரவு மின்சாரம் வந்ததும் தண்ணீர் மோட்டார் போட எழுந்து போய்விட்டாய். ஆனால் அடுத்த நான்கு மாதமும் அந்தத் தாளில்தான் நான் படித்தேன். மன வரைபடத்தை உலகெங்கும் பரப்பிய டோனி பியூசான் ஒரு கிளைக்கு ஒரு சொல் போதும் என்பார். நீ அதை மதிக்கவில்லை. கோட்டின் நுனியில் பெயர் இருந்தால் போதாது, கோட்டின் மேலே ஒரு வினைச்சொல் இருக்கவேண்டும் என்றாய். வலையைப் பிரித்த ஒரு பகுதியான வீ-லானில் இருந்து, பல பகுதிகளைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பான ட்ரங்குக்குப் போகும் கோட்டில் 'ஏறிப் போகிறது'. ட்ரங்கில் இருந்து ஸ்பானிங் ட்ரீக்கு 'சுற்று உண்டாக்கினால் கூப்பிடுகிறது'. வினைச்சொல் வராத கோட்டை அழித்துவிடுங்கள், உங்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம் என்றாய். கிளைகளின் தடிப்பைக்கூடப் பரீட்சையின் நிறையைப் பார்த்துத்தான் வரைந்தாய்: அடிப்படைகளுக்கு 20 சதவீதம், வலையமைப்பு அணுகலுக்கு 20, ஐ.பி. இணைப்புக்கு 25, சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தன்னியக்கத்துக்கு 10. கடைசிக் கிளையை விட்டுவிடலாம் என்றேன். மெல்லிய கொப்பு என்றாலும் கொப்புத்தான் என்று மறுத்துவிட்டாய்.

காலையில் தாளை மூடிவைத்து நினைவில் இருந்து வரையச் சொல்வாய். பிறகு திறந்து, விடுபட்டதை மட்டும் சிவப்பில் எழுதச் சொல்வாய். என் சிவப்பு எப்போதும் வழி தேர்ந்தெடுக்கும் ரவுட்டிங் பக்கம்தான் குவியும். எந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண்கள், சிறிய எண்ணுக்கே நம்பிக்கை அதிகம்: நேரடி இணைப்பு 0, கையால் எழுதிய வழி 1, தாமாக வழி கண்டறியும் முறைகளில் ஓ.எஸ்.பி.எஃப். 110, ரிப் 120. வேறு வழி தெரியாதபோது போகும் டிஃபால்ட் ரூட்டை நான் மறந்த நாளில், ரயில் பாதை முடியும் ஊர்க்காரனுக்கு அது எப்படி மறக்கும் என்று ஏசினாய். மட்டக்களப்பில் இருந்து எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாலும் ரயில் புறப்படுவது ஒரே திசையில்தானே.

முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கை மட்டும் படத்துக்குள் வரவே விடவில்லை. வாய்ப்பாட்டை யாராவது படமாக வரைவார்களா என்றாய். பெற்றோல் வரிசையில் நின்றபடி கேட்பாய்: ஸ்லாஷ் 26? முகவரி 64, பாவிக்கக்கூடியது 62, தொடக்கங்கள் 0, 64, 128, 192. ஸ்லாஷ் 27? ஸ்லாஷ் 28? முன்னால் நின்றவர் ஒருநாள் திரும்பிப் பார்த்து, தங்கச்சி என்ன வகுப்புப் படிப்பிக்கிறீர்கள் என்று உன்னிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

இனி எழுதுவது கஷ்டமான பகுதி. உறவுக்காரர்கள் படிப்பார்கள். ஆகவே சிலவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்போது பரீட்சைக் கட்டணம் 300 டொலர். வருடத் தொடக்கத்தில் அது சுமார் 60,000 ரூபா. மே மாதம் வந்தபோது ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. டொலர் மாறவில்லை, ரூபாதான் விழுந்தது. அம்மம்மா உனக்குப் போட்ட காப்புகள் அடகுக்குப் போயின. யார் கேட்டார்கள், யார் கழற்றிக் கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அன்று மாலை பெரியவர்கள் திண்ணையில் இருந்து சொன்னதையும் எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் எழுதலாம், அது எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆகவே படிப்புச் செலவு ஆண்பிள்ளைக்கு என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எனக்கு வசதியாக இருந்தது. நீ கேட்டிருந்தால் அந்தப் பணத்தை உனக்கு விட்டிருப்பேன் என்று எழுத வருகிறது. அது பொய். விட்டிருக்கமாட்டேன். எனக்கு இருபத்தேழு வயது, வேலை இல்லை, நான் பயந்துபோய் இருந்தேன்.

ஆனால் நீ ஏன் கேட்கவில்லை? ஒரு தடவையாவது, எனக்கும் எழுத ஆசை என்று சொல்லியிருக்கலாம். மௌனமாக இருந்துவிட்டு, பிறகு அந்த மௌனத்தாலேயே மூன்று வருடம் என்னைத் தண்டிக்கிறாய். வைகாசிச் சடங்குக்கு நான் வந்தபோது எல்லார் முன்னாலும், "அண்ணாவுக்கென்ன, தானாகவே படித்துப் பாஸ் பண்ணினவர்" என்றாய். அதில் இருந்த முள் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வீடு உன்னுடையது. நான் லீவில் வந்தால் எந்த அறையில் படுப்பது என்று உன்னிடம் கேட்டுத்தான் படுக்கிறேன். அதை ஒருநாளாவது நினைத்துப் பார்த்தாயா?

இதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. இதுவும் எனக்குள் இருந்தது.

ஓகஸ்டில் இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். திருகோணமலைப் பாதை வந்து சேரும் கல்ஓயாச் சந்தியில் வண்டி நின்றபோது கண்ணை மூடி உன் தாளை ஒருமுறை முழுதாக வரைந்து பார்த்தேன். பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை, அதற்குச் சம்மதம் கொடுத்துத்தான் உள்ளே போவோம். நேரம் 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. குறிப்பெழுத, அழிக்கக்கூடிய ஒரு பலகை தந்தார்கள். முதல் வேலையாக அதில் வாவியை வரைந்தேன். இரண்டு பாலங்களை வரைந்தேன். வினைச்சொற்களை எழுதினேன். முடிந்து வெளியே வந்தபோது அங்கே இருந்தவர் பலகையை வாங்கி, பார்க்காமலே துணியால் துடைத்தார். பாஸ் என்ற தாள் கையில் இருந்தது. நான் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே உனக்கு அழைத்துச் சொல்லியிருக்கவேண்டும். அம்மாவுக்குத்தான் அழைத்தேன்.

வேலை கிடைத்தது. ஒன்றரை வருடத்தில் காப்புகளை மீட்டுத் தந்தேன். அதோடு கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். பிறகு புதிதாக வந்த பயிலுநர்களுக்கு ஒருநாள் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். நான் வெண்பலகையில் உன் படத்தை வரைந்தேன், வாவியும் வேர்ப்பாலமும் எல்லாமும். கைதட்டினார்கள். இது உங்கள் சொந்த யோசனையா என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆம் என்றேன். ஒரு செக்கனும் யோசிக்கவில்லை. அவர்கள் படம் பிடித்தார்கள். கீழே என் பெயரோடு அது கைமாறிக் கைமாறிப் போனது. நீ கணினி படிப்பித்துக் கொடுக்கும் பிள்ளைகளில் ஒருவர் கைக்கும் அது வந்திருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். உன் பதில்கள் ஒரு சொல்லாகச் சுருங்கியது அந்த மாதத்தில் இருந்துதான். அதற்கு முந்தைய மௌனம் காப்புக்காக என்று நினைத்திருந்தேன். காப்புக்காக நீ ஒருநாளும் கோபித்ததில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்: இரண்டு பாலத்துப் படத்தை வரைந்தது என் தங்கச்சி. கோட்டின் மேல் வினைச்சொல் எழுதுவது அவளுடைய முறை. நான் அதில் படித்தவன், அவ்வளவுதான்.

என் சான்றிதழைப் புதுப்பிக்க எடுத்து வைத்த பணத்தில் உனக்குப் பரீட்சை வவுச்சர் வாங்கிவிட்டேன். இரண்டையும் செய்திருக்கலாமே என்று கேட்பாய். செய்திருக்கலாம். நீ அந்தத் திரைக்கு முன்னால் இருந்து எழுதும்வரை அந்த நான்கெழுத்துச் சோடனை என் பெயரோடு இருக்கக்கூடாது என்று தோன்றியது. இது உனக்குப் பாரமாக இருந்தால் மன்னித்துவிடு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், ஆனால் சொல்லிவிடு. திகதியை நீயே தெரிவு செய். ரயிலில் துணைக்கு நான் வருவேன், ஸ்லாஷ் 28 கேட்டுக்கொண்டு.

இன்னுமொன்று. தாளின் வலது மூலையில், ஓ.எஸ்.பி.எஃப். பக்கத்தில் இருந்து ஒரு கோட்டை இழுத்து, நுனியில் வட்டமும் போட்டுவிட்டு, அதற்குள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாய். அந்த நேரத்தில்தான் மின்சாரம் வந்தது. நான் வெண்பலகையில் வரைந்தபோது அந்தக் கோட்டை விட்டுவிட்டேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, உன்னிடம் கேட்கவும் இல்லை. அங்கே என்ன எழுத இருந்தாய்?

அண்ணா