அடியில் இருக்கும் தேதியை எப்படி நம்புவது?

அரசுத் துறைகளின் இணையதளங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். உங்கள் தளங்கள் புரியாததால்தான் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறார்கள். அவை ஒழுங்கானால் என் வருமானம் குறையும். இருந்தாலும் சொல்கிறேன்.

அண்மையில் ஓர் அம்மா, மகளின் ஓபிசி சான்றிதழ் விஷயமாக வந்தார். கையில் ஒரு பிரிண்ட் அவுட், அரசுத் தளத்திலிருந்து எடுத்ததுதான். ஆண்டு வருமானம் 6 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. "எங்களுக்குக் கிடைக்காதாமே தம்பி" என்றார். கிரீமி லேயர் வரம்பை, அதாவது ஓபிசி சலுகைக்கான இந்த வருமான வரம்பை, மத்திய அரசு 2017 செப்டம்பரிலேயே 8 லட்சமாக உயர்த்திவிட்டது. அந்தப் பக்கத்தை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், எழுதிய காலத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கும். எந்தக் காலம் என்றுதான் தெரியவில்லை.

அடியில் 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' இருக்குமே என்பீர்கள். இருந்தது. அன்றைய தேதியைக் காட்டியது. மறுநாள் திறந்தால் மறுநாள் தேதி! யாரும் எதையும் தொடாமலேயே தானாக மாறுகிற தேதி. இதற்குத் தேதியே போடாமல் விட்டிருக்கலாம், படிப்பவருக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 2009இல் வந்தன. 2023இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. ஆனாலும் தேதி இப்படித்தான் இருக்கிறது. பிரிட்டன் அரசு 2012இல் தொடங்கிய ஜிஓவி.யுகே தளத்தைப் பாருங்கள். வழிகாட்டிப் பக்கங்களில் எந்தத் தேதியில் என்ன மாறியது என்று வரிசையாகவே போட்டிருக்கிறார்கள். நம் ஊரிலும் பக்கத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால் இது நடக்கும்.

அப்புறம் அந்த பிடிஎஃப். அரசாணையை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, கோணலாக ஏற்றிவிடுகிறீர்கள். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின்னின் நிழல்கூட விழுந்திருக்கிறது. அது வெறும் படம். உள்ளே இருக்கும் ஒரு சொல்லைத் தேடினால் சிக்காது. போனில் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். பார்வையற்ற மாணவர் ஒருவர் கடைக்கு வருவார். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறார், அது தமிழையும் வாசிக்கும். உங்கள் ஸ்கேனைத் திறந்தால் மட்டும் வாயே திறக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். டிஜிட்டல் சேவைகளை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால் இணைப்பாக வையுங்கள், விஷயத்தைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்து போடுங்கள். எந்தக் கருவியிலும் எழுத்து மாறாமல் தெரிகிற யூனிகோடு முறையில். தமிழ்நாடு அரசு 2010இலேயே அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வருகின்றன. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது.

முகப்பில் ஓடுகிற எழுத்து தயவுசெய்து ஓரிடத்தில் நிற்கட்டும். லிங்கைத் தொடுவதற்குள் நழுவிப் போய்விடுகிறது.

இன்னொன்று நடை. "பார்வையில் காணும் அரசாணையின்படி, மேற்படி பொருள் தொடர்பாக" என்று தொடங்கும் பக்கத்தில் யாரும் இரண்டாவது வரியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வருகிறவருக்கு வேண்டியது கொஞ்சம்தான்: எனக்குக் கிடைக்குமா, என்னென்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு பணம், எத்தனை நாள் ஆகும். அதை மேலே போடுங்கள். அரசாணை எண் அடியில் இருந்தால் போதும், வேண்டியவர் தேடிப் படித்துக்கொள்வார். நீங்கள் சொல்லாமல் விட்டதை யூடியூபில் யாராவது சொல்லிவிடுகிறார்கள், பாதி சரியாக. அந்தப் பாதியை நம்பி விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, மறுபடி என் கடைக்கே வருகிறார்கள்.

எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. எந்தப் பக்கங்களை மக்கள் அதிகம் திறக்கிறார்கள் என்பது உங்கள் சர்வருக்குத் தெரியும். அவற்றில் தொடங்கலாம். அதற்கும் முன்னால், 'கருத்து தெரிவிக்க' என்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறீர்களே, அதற்கு எழுதினால் அப்படியே திரும்பி வருகிறது. அதை மட்டும் இந்த வாரம் சரிசெய்துவிடுங்கள், மற்ற பிழைகளைப் பக்கவாரியாக நாங்களே எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர்