புயல் அடித்த மறுநாள் ஏரிப் பக்கமும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் நாளில் கடற்கரையில் பறவை பார்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இதெல்லாம் கடலோரம் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல், வட தமிழகத்து உள்மாவட்டங்கள் வழியாகத்தான் வலுவிழந்தது. இப்படிப்பட்ட புயல்கள் நடுக்கடல் பறவைகளையும் உள்ளே தள்ளிவிடுவதுண்டு. சூட்டி டெர்ன் என்கிற ஆலா அதில் ஒன்று. லட்சத்தீவின் பிட்டித் தீவு போன்ற இடங்களில் முட்டையிட மட்டும் தரைக்கு வரும். மற்றபடி வாழ்க்கையே வானத்தில்தான். இறகு தண்ணீரில் ஊறிவிடும் என்பதால் கடல்மேல் உட்கார்ந்து இளைப்பாறவும் முடியாது. காற்று இழுத்த பக்கம் போய், தண்ணீர் மின்னுகிற இடத்தில் தாழப் பறக்கும். எங்கள் பக்கம் அது காவேரிப்பாக்கம் ஏரியாகவும் இருக்கலாம், சதுப்பேரியாகவும் இருக்கலாம்.

குளிர்காலத்தில் ஏரிகளில் சாதாரணமாகத் திரியும் மீசை ஆலா சிறியது, வெளிர் சாம்பல் நிறம். புயலில் வருவது அதைவிடப் பெரியது. முதுகு கன்னங்கரேல், நெற்றியும் வயிறும் வெள்ளை, வால் ஆழமாகப் பிளந்திருக்கும். மங்கலான படம் இருந்தாலும் போதும். தேதி, நேரம், இடம் சேர்த்து, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடலாம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரை காத்திருந்தால் பயனில்லை. இந்த விருந்தாளிகள் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், அல்லது செத்துவிடும்.

ஆள் பற்றாக்குறையும் கிடையாது. ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்றால் ஊரே கரையில்தான் நிற்கும். பூசை, கிடா வெட்டு, மீன் பிடிப்பு என்று ஒரே அமர்க்களம். அத்தனை செல்போனும் தண்ணீரையே படம் பிடிக்கின்றன! கொஞ்சம் மேலேயும் திருப்பினால் என்ன?

இன்னொன்று. களைத்து விழுந்த பறவையைப் 'பறந்து போ' என்று மேலே தூக்கி வீசுகிறார்கள், வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டும் ஆபத்து. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்த புயல் எச்சரிக்கைச் செய்தியோடு இதைப் படத்துடன் சின்னக் கட்டமாகப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி