கரையேறும் விழா மண்டபம்: திருப்பணி நிறைவு அறிக்கை

சிவமயம்

மண்டகப்படி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் வண்டிப்பாளையத்தில் உள்ள நம் தெரு மண்டபத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. வருகிற சித்திரை அனுஷத்தன்று, கரையேறும் விழாவில், அப்பர் சுவாமிகள் பழையபடி உள்ளே எழுந்தருளலாம். வேலை ஏன் இவ்வளவு இழுத்தது, கான்கிரீட் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்காதா என்று பலர் கேட்டீர்கள். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கான பதில்தான்.

புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்காகச் சில விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். அப்பரின் இயற்பெயர் மருள்நீக்கியார். திருவாமூரில் பிறந்த அவர், பாடலி எனப்பட்ட நம் ஊரில் இருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை வகித்தவர். பெரிய கல்விச் சாலை அது. கி.பி. 458இல் லோகவிபாகம் என்னும் சமண நூல் எழுதப்பட்ட பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சூலை நோயால் துடித்தவர், திருவதிகையில் தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கிச் சிவநெறிக்குத் திரும்பினார். பல்லவ மன்னன் விடவில்லை. சுண்ணாம்புக் காளவாயான நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளச் செய்தான். நமச்சிவாயப் பதிகம் பாடியவருக்கு அந்தக் கல்லே தெப்பமானது. அவர் ஒதுங்கிய இடமாக நாம் கும்பிடுவது நம் கரையேறவிட்ட குப்பம். கெடிலம் அந்தக் காலத்தில் கோயிலுக்குத் தெற்கே, இந்தப் பக்கமாக ஓடியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கரையேறியவர் நேரே பாடலீஸ்வரர் சந்நிதிக்குப் போய் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று பாடினார். சுவாமியைத் தோன்றாத் துணை என்று நாம் அழைப்பதும் அந்தப் பதிகத்தால்தான்.

கரையேறும் விழா நாளில் அந்தப் பதிகத்தை ஓதுவார் நம் மண்டபத்தில் நின்று பாடுகிறார். கேட்க நிற்பவர்களுக்குப் பானகமும் நீர்மோரும் கொடுக்கிறோம். நம் பொறுப்பு இவ்வளவுதான். ஆனால் இதற்கு ஏற்ற அளவில்தான் நம் முன்னோர் அந்த மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது மரம் சாய்ந்து கைப்பிடிச் சுவர் உடைந்தது. அப்போது அவசரத்துக்குத் தளத்தின் மேல் சிமெண்ட் பூசினார்கள். நம் மண்டபத்துடையது மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய முறைக் கூரைத் தளம்; தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கலைச் சாய்வாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கெட்டித்து, மேலே தட்டை ஓடு பதித்தது. உள்ளே போகும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரத்தில், சுவருக்குள் செருகியிருந்த சட்டங்களின் முனைகள் உளுத்துப் போயிருந்தன. பிரித்துப் பார்த்த பிறகுதான் இது தெரிந்தது. கான்கிரீட் வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்ததும் அன்றைக்குத்தான். நம் ஊர் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்வதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

செட்டிநாட்டுப் பக்கம் வேலை பார்த்த கொத்தனார்களை வரவழைத்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவிட்டார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சாந்தில் சேர்த்தார்கள். தாமதத்துக்கு முக்கியக் காரணம் இந்த ஊறல்தான், அதை அவசரப்படுத்த முடியாது. சுண்ணாம்பு கொதித்த முதல் நாள், நீற்றறையில் அப்பர் பாடிய 'மாசில் வீணையும்' பாட்டைத் தெருப் பெண்கள் கூடி நின்று பாடினார்கள். யாரும் ஏற்பாடு செய்ததில்லை. இந்தத் திருப்பணியில் எங்கள் மனசு நிறைந்த நாள் அது. அப்புறம் தளம் போட்டபோது மரக்கட்டையால் தட்டித் தட்டிக் கெட்டித்ததும் பெரும்பாலும் அவர்கள்தான்.

கல்தூண்களில் வருஷக்கணக்காக ஏறியிருந்த எனாமல் பெயிண்டை நார்த் தூரிகையாலும் மரச் சீவுளியாலும் எடுத்தோம். மணல் வீச்சு முறையை யோசிக்கவே இல்லை. கல்லின் மேல்தோலையே அது தின்றுவிடும். கோயில்களில் அறநிலையத் துறை அதைத் தடை செய்து பல வருஷமாகிறது.

தரையை உயர்த்தச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு மேலே ஏற, மண்டபம் பள்ளத்தில் விழுந்துவிட்டது. 2015 மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். தரையை உயர்த்தியிருந்தால் தண்ணீர் நிற்காது, உண்மை. ஆனால் சப்பரத்தின் குடை உத்தரத்தில் இடிக்கும், சுவாமி வெளியிலேயே நிற்க வேண்டிவரும். அதனால் தரையைத் தொடாமல், வாசலில் கல்படி அமைத்து, சுற்றிலும் வடிகால் வெட்டிப் பின்பக்கத்து வாய்க்காலில் சேர்த்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் வடிகாலைத் தூர்வார வேண்டும். இதை மறந்தால் மற்ற வேலையெல்லாம் வீண்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து மண்டபப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மீதிப் பணம் மண்டகப்படிக் கணக்கில் வங்கியில் இருக்கிறது. அதை வருஷா வருஷம் பங்குனியில் வெள்ளையடிக்க மட்டும் எடுக்க வேண்டும் என்பது குழுவின் கோரிக்கை. வெள்ளைக்குச் சுண்ணாம்புதான், டிஸ்டெம்பர் வேண்டாம். தூணில் ஆணி அடிப்பதும் பேனர் கட்டுவதும் போஸ்டர் ஒட்டுவதும் கூடாது, வீட்டு விசேஷமாக இருந்தாலும்.

சாவி வழக்கம்போல் முறைக்காரர் வீட்டில் இருக்கும். விழாவுக்கு முந்தின நாள் மாலை மண்டபம் கழுவிக் கோலம் போட ஆட்கள் தேவை. வரக்கூடியவர்கள் முன்னதாகவே பெயர் கொடுத்துவிடுங்கள்.

திருச்சிற்றம்பலம்

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்