போர்டுல எழுதுனதும் நாம செஞ்சதும்: நம்ம வேத வாசிப்பு சங்கத்து ஆண்டறிக்கை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆர்சி (கத்தோலிக்க) உறவுகளுக்கு இயேசுவுக்கே புகழ். பின்னால பெஞ்சுல இருக்க டீக்கடை அண்ணாச்சிக்கு வணக்கம், அவரு சங்கத்துல மெம்பர் இல்லதான், ஆனா நம்ம வசன போர்டு தொங்குறது அவரு கடை சுவத்துல, அதனால அவருக்கும் இத கேக்க உரிமை உண்டு.

நான் 30 வருசம் பஸ்ல கண்டக்டரா இருந்தவன், டிக்கெட் கணக்கு எழுதித்தான் பழக்கம், அறிக்கை எழுதி பழக்கம் கிடையாது. "கர்த்தருடைய மகா கிருபையால்"னு தொடங்கி எல்லாம் சிறப்பா நடந்துதுன்னு முடிச்சிரலாம்னுதான் முதல்ல பாத்தேன், ரெண்டு பக்கம் எழுதி வாசிச்சப்போ எனக்கே சிரிப்பு வந்துட்டு. அதக் கிழிச்சு போட்டுட்டு நடந்தத நடந்தபடி எழுதியிருக்கேன், யாருக்காவது வருத்தம் உண்டும்னா சாயா குடிக்கும்போ தனியா சொல்லுங்க.

மெம்பர்மாரு இப்ப 38 பேரு. சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), ஆர்சி, சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே எல்லாரும் உண்டு. கமிட்டி மீட்டிங் ஏழு போட்டோம், அதுல ரெண்டு கோரம் இல்லாம கலைஞ்சுது, ஒண்ணு கல்யாண வீட்டால, இன்னொண்ணு கிரிக்கெட்டால. இத்தனை போதும் இதப் பத்தி.

முக்கியமான காரியம் போர்டு. தினமும் காலைல அஞ்சரைக்கு ஜங்ஷன் போர்டுல ஒரு வசனம், அதுக்கு கீழ ஒரு வரி யோசனை, சாக்பீஸ்ல எழுதுறது செயலாளரான என் வேலை. ரப்பர் பால்வெட்டுக்கு போயிட்டு வாரவங்க, அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) போற அக்காமாரு, மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நிக்குற பிள்ளைகள் எல்லாரும் பாத்துட்டுத்தான் போவாங்க. போன ஏப்ரல்ல நமக்கு ஒரு பெரிய ஆசை, வேதத்த ஒரே வருசத்துல முடிக்கணும்னு. மொத்தம் 1189 அதிகாரம், திங்கள் முதல் சனி வரைக்கும் மூணு மூணு, ஞாயிறு அஞ்சுன்னு வாசிச்சா முடிஞ்சிரும்னு தமிழ் வாத்தியாரய்யா கணக்கு போட்டு தந்தாரு. ஆதியாகமம் ஜோரா போச்சு, யாத்திராகமத்துல ஆசரிப்புக்கூடாரம், அதாவது தொழுகைக் கூடாரத்தோட அளவுக் கணக்கு வந்ததும் ராத்திரி வாசிப்புக் கூட்டத்துல கொட்டாவி, ஏப்ரல் கடைசில லேவியராகமம் தொடங்குனப்போ கூட்டத்துக்கு ஆறு பேரு. அதுல ஒருத்தரு மழைக்கு ஒதுங்கினவரு.

ஆனா அந்த லேவியராகமம்தான் நம்ம சங்கத்துக்கு முதல் சண்டையும் கொண்டுவந்துச்சு. மே மாசம் முதல் வாரம், 19-ம் அதிகாரம் 13-ம் வசனம், கூலிக்காரனோட கூலி விடியுற வரைக்கும் உன் கையில இருக்கக்கூடாதுன்னு வருது பாருங்க, அத எழுதிட்டு கீழ "நேத்தைக்கு உள்ள கூலிய குடுத்தாச்சா?"ன்னு ஒரு கேள்வி மட்டும் போட்டேன். ஏழு மணிக்கு போன் வந்துட்டு. நம்ம மெம்பர்தான், ரெண்டு ஏக்கர் ரப்பர் உண்டு அவருக்கு, "என்னைய குத்தித்தானவேய் எழுதியிருக்கீரு"ன்னு ஒரே சத்தம். அட்டவணைப்படி வந்த வசனம் அண்ணாச்சின்னு சொன்னேன். அவரு விடல்ல, அது பழைய ஏற்பாடு, நியாயப்பிரமாணம், நாம இப்ப கிருபையில இருக்கோம், அது நமக்கு பொருந்தாதுன்னாரு. வாத்தியாரய்யா ஒண்ணும் பேசாம யாக்கோபு 5:4-ஐ எடுத்து நீட்டுனாரு, அது புதிய ஏற்பாடு, பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு அதுலயும் கிடக்கு. மூணு வாரம் அண்ணாச்சி கூட்டத்துக்கு வரல்ல. இப்ப சனிக்கிழமை மத்தியானமே கூலி குடுத்திடுகாருன்னு பால்வெட்டுற தம்பி கடையில வச்சு சொன்னான், அது போர்டால இல்லன்னு அண்ணாச்சி சொல்லுகாரு, சரி, அப்படியே இருக்கட்டும்.

அதுக்கப்புறம் கமிட்டி கூடி வேகத்த குறைச்சோம். ஜூன்ல இருந்து புதிய ஏற்பாடு மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் நாளுக்கு ஒரு அதிகாரம். புதிய ஏற்பாட்டுல 260 அதிகாரம், வாரத்துக்கு அஞ்சு வச்சு 52 வாரத்துக்கு கணக்கு அப்படியே சரியா வருது, இத கண்டுபிடிச்சதுக்கே வாத்தியாரய்யாவுக்கு ஒரு பொன்னாட போத்தலாம். சனிக்கிழமை நீதிமொழிகள், அன்னைக்கு தேதி எதுவோ அந்த அதிகாரம், 31 அதிகாரம் இருக்கதால எந்த தேதிக்கும் ஒண்ணு உண்டு. ஞாயிறு அவங்கவங்க சபைல என்ன பாடமோ அது.

இனி சொல்லப்போறது என் சொந்த குத்தம், அறிக்கைல வரக்கூடாதுன்னு தலைவரு சொன்னாரு, நான்தான் இருக்கட்டும்னுட்டேன். மத்தேயு 5-ம் அதிகாரம் 48 வசனம், ஒரு நாள்ல எழுதி தீராதுன்னு நாலஞ்சு நாளா பிரிச்சோம். 23, 24 வசனம் வந்த நாள் எனக்கு கை ஓடல்ல. பலிபீடத்துக்கு முன்னால காணிக்கைய வச்சிட்டுப் போயி முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு வர்ற இடம். எனக்கும் எங்க அண்ணனுக்கும் 11 வருசமா பேச்சுவார்த்தை இல்லைங்கது ஊருக்கே தெரியும், ரெண்டு பேரு நிலத்துக்கும் நடுவுல உள்ள அதிருல (எல்லையில) ஒரு கல்லு, கல்லுக்கு பக்கத்துல ஒரு தெங்கு, அவ்வளவுதான் விசயம். நானோ ஞாயிறு தோறும் காணிக்கைப் பை எடுத்துட்டு வரிசை வரிசையா போறவன். என்ன செஞ்சேன்னா, அந்த வசனத்த விட்டுட்டு முந்தின நாள் எழுதுன உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்ங்கதையே திரும்ப எழுதிட்டு வந்துட்டேன். பொருளாளர் அக்கா அண்டியாபீஸ் போற வழியில பாத்துட்டு கடைக்கு முன்னால வச்சே கேட்டா, "நேத்தும் வெளிச்சம், இன்னைக்கும் வெளிச்சம், இதென்ன கரண்டாபீஸா?" டீக்கடை அண்ணாச்சி டவராவ கீழ வச்சிட்டு சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுல கிடக்கு. பிறகு அவரே மெதுவா கேட்டாரு, "ஓய், நீரு எழுதுறத நீரு வாசிக்கிறது உண்டுமா?"

ராத்திரி கூட்டத்துல அந்த வசனத்தத்தான் எடுத்தோம். ஆர்சி தங்கச்சி அவ பைபிள்ல இருந்து வாசிச்சா, நம்ம பழைய மொழிபெயர்ப்புல ஒப்புரவாகின்னு இருக்க இடத்துல அவங்களுக்கு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுங்கள்னு இருக்கு. இத்தனை காலம் ஒப்புரவுன்னா ஏதோ பிரசங்கத்துல வாற பெரிய வார்த்தைன்னு நெனச்சுட்டு இருந்தேன், நல்லுறவுன்னு கேட்டப்போதான் எங்க அண்ணன் மொகம் வந்துட்டு. வாத்தியாரய்யா சும்மா இருப்பாரா, குறள்ல 22-ம் அதிகாரமே ஒப்புரவறிதல்தான், அங்க அர்த்தம் வேற, ஊருக்கு உபகாரம் பண்றதுன்னு தொடங்கி கால்மணிக்கூறு போயிட்டு. ஆனா கடைசில அவரு சொன்ன ஒண்ணு என்னைய பிடிச்சுட்டு. அந்த வசனம் உனக்கு உன் சகோதரன் பேர்ல குறை உண்டான்னு கேக்கல்ல, உன் பேர்ல அவனுக்கு குறை உண்டான்னுதான் கேக்குதுன்னாரு. நான் 11 வருசமா அண்ணன் பேர்ல உள்ள குறைய லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன், தேதி உள்பட, கண்டக்டர் புத்தி. அந்த லிஸ்ட்ட யாரும் கேக்கவே இல்லைன்னு தெரிஞ்சுட்டு.

மறுநாள் போர்டுல அந்த வசனத்த எழுதுனேன். யோசனைங்க இடத்துல ஒண்ணும் எழுதல்ல. அண்ணன் வீட்டுக்கு உடனே போகல்ல, பொய் சொல்லப்படாது, போறதுக்கு நாலு மாசம் ஆச்சு, துலாமழை, அதாவது ஐப்பசி மழை நேரத்துல ஒரு சாயங்காலம் குடைய பிடிச்சுட்டு போனேன். மைனி கதவத் திறந்தா, அண்ணன் "வா"ன்னாரு, சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் வந்துச்சு, மழையப் பத்தி பேசுனோம், அவரு முட்டுவலியப் பத்தி பேசுனோம், கல்லப் பத்தி ரெண்டு பேரும் வாய் திறக்கல்ல. ரெண்டாவது தடவ போனப்போதான் அவரே சொன்னாரு, அப்பா செத்த அன்னைக்கு நான் ட்யூட்டி மாத்தி சீக்கிரம் வரல்லங்கதுதான் அவருக்கு உள்ள குறையாம். கல்லு இல்ல. தெங்கும் இல்ல. இத நான் என் லிஸ்ட்ல எங்க போயி தேடுறது சொல்லுங்க.

நவம்பர் 30 ஒக்கி புயலோட நினைவு நாள், 2017-ல நடந்தது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எத்தனை வீட்டுல ஆம்பிளைங்க திரும்பி வரல்லன்னு நான் சொல்ல வேண்டாம். அன்னைக்கு அட்டவணைய விட்டுட்டு சங்கீதம் 107 எழுதுனோம், கப்பலேறி கடல்ல தொழில் பண்றவங்களப் பத்தி 23-ம் வசனத்துல இருந்து வருது, புயல அமர்த்தி அவங்க நாடின துறைமுகத்துல கொண்டுபோயி சேர்ப்பாருன்னு 30-ல முடியுது. நல்லா இருக்குன்னு நெனச்சுத்தான் எழுதுனேன். கடற்கரையில இருந்து மீன் கொண்டுவாற அக்கா சட்டிய எறக்கி வச்சிட்டு எழுத்துக் கூட்டி வாசிச்சா. "வந்து சேந்தவங்களுக்கு சரி, சேராதவங்களுக்கு என்ன எழுதுவீங்க"ன்னு கேட்டா. கோவமா இல்ல, சும்மா விலை கேக்க மாதிரி கேட்டா. எனக்கு பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி கூட்டத்துல யாருக்கும் இல்ல, பாஸ்டர் ஒருத்தரு விளக்கம் சொல்ல வாய் திறந்தவரு அப்படியே மூடிட்டு ஜெபம் பண்ணுவோம்னாரு, அதுக்கு அவர எனக்கு ரொம்ப பிடிச்சுட்டு. இப்ப வெள்ளிக்கிழமை மகளிர் அணி நம்ம ஜங்ஷன்ல மீன் வாங்குறது அந்த அக்காகிட்டதான், பேரம் பேசப்படாதுன்னு அவங்களே ஒரு சட்டம் போட்டிருக்காங்க, இது தீர்மானப் புக்ல இல்ல.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல புது வருசத்துக்கு ஆளுக்கொரு வசனம்னு வாக்குத்தத்த கார்டு எடுப்போம்லா, நம்ம தம்பி ஒருத்தனுக்கு எரேமியா 29:11 விழுந்துட்டு. கல்ஃப் விசாவுக்கு காத்துட்டு இருந்தவன், கர்த்தர் உங்க பேர்ல நினைக்கிறது சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு வந்ததும் விசா உறுதின்னு ஸ்வீட் குடுத்துட்டான். ஜனவரி போச்சு, விசா வரல்ல, பய கூட்டத்துக்கும் வரல்ல. வீட்டுக்கு போயி கூட்டிட்டு வந்து எல்லாரும் சேந்து அந்த அதிகாரத்த முழுசா வாசிச்சோம். அது பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு எரேமியா எழுதுன லெட்டரு, 11-க்கு முந்தின வசனத்துலயே 70 வருசம்னு இருக்கு, அதுக்கும் மேல அஞ்சுல வீட்டக் கட்டு, தோட்டத்த போடு, ஏழுல இருக்க பட்டணத்தோட சமாதானத்த தேடுன்னு இருக்கு. சவுதில 14 வருசம் இருந்துட்டு வந்த நம்ம மெம்பர் சொன்னாரு, "மக்கா, நான் அங்க இருந்தப்போ இந்த ஏழாம் வசனத்த ஒருத்தரும் எனக்கு கார்டுல தரல்ல, தந்திருந்தா அந்த ஊர வெறுக்காம இருந்திருப்பேன்"னு. பையன் சிரிச்சான். இப்ப குலசேகரத்துல ஒரு கடையில நிக்கான், விசாவுக்கும் காத்துட்டுதான் இருக்கான். கமிட்டில அன்னைக்கு ஒரு தீர்மானம், இனிமே கார்டு குடுத்தா முன்ன பின்ன ரெண்டு வசனத்தையும் சேத்து அச்சடிக்கணும்னு. அச்சுக் கூலி கூடும்னு பொருளாளர் ஆட்சேபம், அதையும் எழுதி வச்சிருக்கு.

இந்த முன்ன பின்ன வாசிக்கிறது பிப்ரவரில இன்னொரு இடத்துல கொண்டு விட்டுட்டு. பிலிப்பியர் 4:13, எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டுன்னு பாதி ஆட்டோ பின்னால ஒட்டியிருக்கு, நாம பரீட்சைக்கும் பைக் ரேசுக்கும் சொல்லிட்டு இருந்தோம். பவுல் அத காவல்ல இருந்து எழுதுறாரு, முந்தின வசனத்துல தாழ்ந்திருக்கவும் தெரியும் வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியும் பாத்தாச்சுங்காரு. அடுத்த 14-ம் வசனத்துல, ஆனாலும் என் கஷ்டத்துல நீங்க பங்கெடுத்தது நல்லதுன்னு நன்றி சொல்லுகாரு. அது ரப்பர் இலை உதிருற காலம், பால்வெட்டு நிறுத்தி வச்சிருக்கும், வெட்டுற வீடுகள்ல அடுப்பு எரியறதே பாடு. அப்ப 14-ம் வசனத்துக்கு ஆளு யாருன்னு பொருளாளர் அக்கா கேட்டா. மகளிர் அணி பிடியரிசி, தினமும் உலை வைக்கும்போ ஒரு பிடி எடுத்து தனியா வைக்கிறது நம்ம அம்மாமாரு காலத்துல இருந்து உள்ளதுதான், அது வழக்கமா ஏலத்துக்கு போயி காசா மாறும். இந்த தடவ ஏலம் போடாம ஒம்பது வீட்டுக்கு ராத்திரியோட ராத்திரியா அரிசியாவே போச்சு. எந்த வீடுன்னு இங்க வாசிக்கணும்னு ஒருத்தரு எழுதிக் குடுத்திருக்காரு. வாசிக்க மாட்டேன்.

ஜனவரி 14 வேன் போட்டு போனதையும் சொல்லணும். ஆரல்வாய்மொழி காத்தாடிமலை, கிறிஸ்தவரா மாறுன தேவசகாயம் பிள்ளைய 1752-ல அதே தேதியில சுட்டுக் கொன்ன இடம், 2022-ல புனிதரா அறிவிச்சாங்க. நம்ம சிஎஸ்ஐ ஆளுகள்ல பாதிப்பேரு முதல் தடவையா அங்க போறாங்க, இத்தனைக்கும் முக்கால் மணிக்கூறு தூரம். திரும்புற வழியில மயிலாடி, 1806-ல ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தப்போ அந்த ஊருக்காரரு வேதமாணிக்கம் கூப்பிட்டு கொண்டுவந்த ஊரு, அங்க ஆர்சி ஆளுகள்ல பாதிப்பேரு முதல் தடவை. ஆக கணக்கு சமம். வேன் வாடகைல 300 ரூபா துண்டு விழுந்துது, ரப்பர் அண்ணாச்சி குடுத்தாரு.

வரவு செலவ பொருளாளர் வாசிப்பா. சந்தா மாசம் 20 ரூபாதான், அதுலயும் பாக்கி உண்டு, பாக்கி வச்சிருக்க பெரும்பாலானவங்க முன்வரிசைல இருக்கீங்க. சாக்பீஸ் 14 பெட்டி தீந்துது, ஜூன் மழைல ஒரு போர்டு ஊறி நாசமா போச்சு. இப்ப உள்ளதுக்கு இடவப்பாதி (ஜூன் மழை) தொடங்குறதுக்கு முன்ன மேல ஒரு தகரக் கூரையும் கறுப்பு பெயிண்டும் வேணும், டீக்கடை அண்ணாச்சி ஆணி அடிக்க சம்மதிச்சிருக்காரு. வாசிப்பு இப்ப 1 யோவான்ல நிக்குது, மத்தேயுல இழுத்ததால ஜூன் நடுவுலதான் வெளிப்படுத்தல் முடியும்.

அதிருக்கு சர்வேயர கூப்பிட அண்ணனும் நானும் ஒரே மனுவுல கையெழுத்து போட்டு குடுத்து ஒரு மாசம் ஆச்சு, இன்னும் ஆளு வரல்ல. அதுவரைக்கும் தேங்காய ஒரு வெட்டு அவருக்கு, ஒரு வெட்டு எனக்கு. புது செயலாளர் தேர்தலுக்கு என் பேர யாரும் சொல்லண்டாம், காலைல அஞ்சரைக்கு எழும்புற, கையெழுத்து நல்லா இருக்க பிள்ளைகள் யாராவது உண்டும்னா கை தூக்குங்க.

இப்படிக்கு,
செயலாளர்