உப்பளம் கொதிப்பதில்லை

ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர் பகுதியில் வெளியான ‘சடப்பொருளின் நிலை மாற்றம்’ கட்டுரையில் இரண்டு வரிகள் உறுத்துகின்றன. கடல்நீர் காய்ந்து ‘திரவம் திண்மமாவதால்’ உப்புக் கிடைக்கிறதாம். நீர் ஆவியாக 100 பாகை செல்சியஸ் வேண்டுமாம். உப்பளமுள்ள ஆனையிறவைத் தாண்டிப் போய்வரும் கிளிநொச்சிப் பிள்ளைகளும் வாசிக்கும் பக்கம் இது.

உப்பளப் பாத்தியில் நீர் திண்மமாவதில்லை. அது ஆவியாகிப் போய்விட, முன்பே கரைந்திருந்த உப்புத்தான் பளிங்காகத் தங்குகிறது. அந்த நீர் ஒருநாளும் கொதிப்பதுமில்லை. 100 பாகை என்பது கடல் மட்டத்தில் தூய நீரின் கொதிநிலை. ஆவியாதலோ எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் நடக்கும். வெயிலும் காற்றும் அதை விரைவாக்கும். கட்டுரை சொல்வதுபோல் என்றால் சோளகம் வீசும் மாதங்களில் இரணைமடுக் குளத்து நீர் ஒரு சொட்டும் ஆவியாகக் கூடாதே!

திரவம் திண்மமாவதைக் காட்ட நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் இறுகும். மார்கழி, தைப் பனியில் விடியப்புறம் போத்தலைப் பார்த்தால் தெரியும்.

கட்டுரை தொடாமலே விட்ட விடயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: நிலை மாறும்போது வெப்பநிலை மாறுவதில்லை. முல்லைத்தீவுக் கரையில் ரெஜிபோம் பெட்டிக்குள் மீனையும் நொறுக்கிய ஐஸையும் மாறிமாறி அடுக்குகிறார்கள். 0 பாகையிலுள்ள ஒரு கிலோ ஐஸ் உருக ஏறத்தாழ 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தால் ஒரு கிலோ நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பத்தையும் மீனிலிருந்தும் வெளியிலிருந்தும் உறிஞ்சியபடி, ஐஸ் தீரும்வரை 0 பாகையிலேயே நிற்கும். மீன் பழுதாகாமல் வவுனியாச் சந்தைக்குப் போய்ச் சேருவது இதனால்தான். விஞ்ஞானி ஜோசப் பிளாக் 1760களில் கிளாஸ்கோவில் அளந்து காட்டிய மறைவெப்பம் இதுவே. புட்டு அவிக்கும்போது ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிட மோசமாகச் சுடுவதும் இதன் மறுபக்கம்: ஆவி தோலில் பட்டு நீராகும்போது, தான் ஆவியானபோது உறிஞ்சிய மறைவெப்பத்தையும் கொட்டிவிடுகிறது.

அடுத்த இதழில் திருத்தத்தோடு ஒரு செயற்பாட்டையும் போடுங்கள். பேணியில் நொறுக்கிய ஐஸ், ஒரு வெப்பமானி. கலக்கிக்கொண்டே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பு எடுத்து, ஐஸ் முழுதும் உருகிய பிறகும் கொஞ்ச நேரம் தொடர்ந்து, வரைபு கீறச் சொல்லுங்கள். கோடு எவ்விடத்தில் கிடையாகப் போகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தயவுசெய்து விடையைக் கீழே தலைகீழாக அச்சடித்து விடாதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
முள்ளியவளை.