சீட்டை அரை அங்குலம் ஏற்றுங்கள், அத்தை

அன்புள்ள அத்தை,

ஐம்பதைத் தாண்டிய பிறகு சைக்கிள் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டீர்கள் என்று அம்மா போனில் சொன்னபோதே சந்தோஷமாக இருந்தது. நேற்று வந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பேலன்ஸ் வந்துவிட்டது உங்களுக்கு. ஆனால் முட்டி இரண்டும் ஹேண்டில் பாரை இடிக்காத குறையாக மேலே வருகின்றன. மாமா சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்திருக்கிறார், சரியா? "கொஞ்ச தூரம் ஓட்டினாலே முட்டி வலிக்குது, வயசாகிப்போச்சு" என்று நீங்கள் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். வயதைக் குறை சொல்வதற்கு முன் சீட்டைப் பார்ப்போம். உங்களைப் போல இன்னும் நிறைய பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

கற்றுக்கொள்ளும் முதல் நாட்களில் சீட்டு தாழ்ந்திருப்பது நல்லதுதான். பயம் வந்தால் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம். ஆனால் பெடல் கீழே வரும்போதுகூடத் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் மேலேதான் நிற்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து பாதம் முழுதாகத் தரையில் படுகிற சீட்டில், மிதிக்கும்போது கால் நீளவே வழியில்லை. முட்டி எப்போதும் மடிந்தே இருக்கும், மடிந்த நிலையிலேயே முழு பாரத்தையும் தள்ளும். வலி முட்டிக்கு முன்பக்கம், முட்டிச்சில்லைச் சுற்றி வருகிறதா என்று கவனியுங்கள். தாழ்ந்த சீட்டின் வலி பெரும்பாலும் அங்கேதான் வரும். முட்டிக்குப் பின்பக்கம் இழுத்தால் சீட்டு அதிக உயரம் என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்று, சைக்கிள் ஆடுவதற்கும் இதில் பங்கு உண்டு. மிதிக்கச் சிரமப்பட்டால் மெதுவாகப் போவீர்கள். மெதுவாகப் போனால் ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். அலைந்தால் பயம், பயந்தால் இன்னும் மெதுவாக. தைரியத்துக்காக இறக்கிய சீட்டே தைரியத்தைத் தின்றுவிடுகிறது.

சரியான உயரம் எது? 1967ல் ஹேம்லி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். காலின் உட்புற நீளத்தில் (கவட்டிலிருந்து தரை வரை) 109 சதவீதம், அடியில் நிற்கும் பெடலின் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டும். உட்கால் 70 சென்டிமீட்டர் என்றால் 76.3 வரும். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கான கணக்கு அது. கடைத்தெருவுக்குப் போய்வர அவ்வளவு தேவையில்லை, குதிகால் போதும்.

சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி உட்காருங்கள். வழக்கமாகப் போடும் செருப்போடுதான், அதன் தடிமனும் கணக்கில் வரும். ஒரு பெடலை அடியில் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருந்தால் அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் இல்லையா, அப்போது முட்டி லேசாக மடிந்து நிற்கும்.

ஒரே நாளில் அங்கே போய்விடாதீர்கள். இப்போதிருக்கும் இடத்தில் சீட் கம்பியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, அரை அங்குலம் மட்டும் ஏற்றுங்கள். பழகியதும் இன்னொரு அரை. அந்த வண்டி பழசு என்பதால் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும். நட்டைத் தளர்த்தி, கம்பி உள்ளே இறங்கும் இடத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருகினால் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே வரும். கம்பியில் ஒரு எல்லைக்கோடு பொறித்திருந்தால் அது வெளியே தெரியக் கூடாது. கோடே இல்லையென்றால் மூன்று அங்குலமாவது குழாய்க்குள் இருக்கட்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம், கம்பி முறிந்தால் விழுகிற அடி சாதாரணமாக இருக்காது.

"ஏத்தினா கால் எட்டாதே, எப்படி நிறுத்துறது?" என்று கேட்பீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே நிறுத்த வேண்டியதில்லை என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. நான் இவ்வளவு நீட்டி எழுதுவதே இதற்காகத்தான். நிறுத்தும்போது இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடியுங்கள். வேகம் குறைந்ததும் ஒரு பெடலை அடியில் வைத்து, உடம்பின் பாரத்தை அந்தக் காலில் கொடுத்து, சீட்டை விட்டு முன்னால் நகர்ந்து எழுந்து நில்லுங்கள். மற்றக் கால் தானாகத் தரைக்கு வரும், வண்டியை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் போதும். உங்களுடையது லேடீஸ் சைக்கிள், நடுவில் குறுக்குக்கம்பி இல்லாததால் முன்னால் இறங்க நிறைய இடம் இருக்கிறது.

கிளம்புவதும் இதேதான், தலைகீழாக. சீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணிக்குச் சின்ன முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் ஏறி மிதித்தால் வண்டியும் நகரும், நீங்களும் உயர்வீர்கள், பின்னாலேயே சீட்டு இருக்கும். சைக்கிள் ஓட்டுவதை இரண்டு நாளைக்கு விட்டுவிட்டு இந்த ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பள்ளிக்கூட மைதானத்தில் செய்து பாருங்கள். பத்தடி போய் நிறுத்துங்கள், மறுபடி பத்தடி. பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம், தூரத்தில் ஒரு மரத்தில் இருக்கட்டும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும்.

"இந்த வயசுல சீட்டை ஏத்திக்கிட்டு, ஊர் என்ன சொல்லும்" என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை, நீங்கள் இருப்பது புதுக்கோட்டை! 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிப் பழகிய பெண்கள் அங்கே உண்டு. முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் இருந்தார்கள். அவ்வளவு உயரமான வண்டியில் கால் தரையில் எட்டவா செய்திருக்கும்? அன்றைக்கே எல்லாம் சொல்லி முடித்துவிட்ட ஊர், உங்கள் அரை அங்குலத்தைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லப்போகிறது.

அப்புறம், சேலை. செயின் கவர் முழுதாக இருக்கிறதா, பின்சக்கரத்துக் கம்பிவலை கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

சீட்டை ஏற்றியபின் நட்டை நன்றாக முறுக்கிவிட்டு, சீட்டின் மூக்கு முன்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியதும் அதே நட்டை மறுபடி ஒரு தடவை முறுக்க வேண்டும், புதிதாக ஏற்றிய கம்பி கொஞ்சம் நழுவும். ஸ்பேனரை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாமா கையில் கிடைத்தால், "கால் எட்டலையே" என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பழையபடி இறக்கிவைத்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் மருமகன்