நிலாவுக்குப் போன ஸ்கெட்ச் பேனா

மாப்ள,

கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் விட்டுட்டு இருக்கேன். ரெண்டு வருஷமா நிலா எனக்கு ரெண்டா தெரியுதுன்னு சொல்லிட்டு இருந்தேன்ல, போன வாரம் ராத்திரி மாடிக்குப் போனேன், ஒரே நிலாடா, விளிம்பு அவ்வளவு சுத்தமா இருக்கு, உள்ள இருக்கற கருப்புத் திட்டெல்லாம் தனித்தனியா தெரியுது. அதுல ஒண்ணுதான் அமைதிக்கடல், 1969 ஜூலை 20 ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கின இடம். கீழ இறங்கி வரவே மனசு வரல.

அன்னிலேர்ந்து தேடித்தேடி படிச்சுட்டு இருக்கேன். அவங்களுக்கு முன்னாடியே 1959ல சோவியத்தோட லூனா 2ங்கற ஆளில்லாத கலம் போய் மோதிடுச்சு, அடுத்த மாசமே லூனா 3 யாருமே பாக்காத அந்தப் பின்பக்கத்த போட்டோ எடுத்துடுச்சு, 66ல லூனா 9 பத்திரமா தரையிறங்குச்சு. இதெல்லாம் உனக்கே தெரியும். எனக்குத் தெரியாம இருந்தது அந்த ஸ்விட்ச் விஷயம். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவுல நடந்து முடிச்சுட்டு கலத்துக்குள்ள வந்து பாத்தா தரையில ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு கெடக்குது, மேல கிளம்பற இன்ஜினுக்கான பிரேக்கர் ஸ்விட்சோட முனை உடைஞ்சு விழுந்திருக்கு, முதுகுப்பை இடிச்சிருக்கணும். கரண்ட் போற இடம், விரலையோ இரும்பையோ விட முடியாது. ஆல்ட்ரின் தன்கிட்ட இருந்த ஸ்கெட்ச் பேனாவ எடுத்து அந்த ஓட்டைக்குள்ள விட்டு அமுக்கியிருக்காரு, ஸ்விட்ச் உள்ள போய் நின்னுடுச்சு. படிக்கறப்போ எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு மாப்ள.

அப்பல்லோ 17 பயணத்துலயும் இதே மாதிரிதான். 1972 டிசம்பர், விண்வெளி வீரர் செர்னனோட சுத்தியல் மாட்டி ரோவர் வண்டியோட பின்சக்கர மட்கார்டு பிஞ்சுடுச்சு. மட்கார்டுதானேன்னு விட முடியாது, காத்தும் தண்ணியும் இல்லாத ஊரு, அங்க இருக்கற தூசி தேய்ஞ்சு மழுங்காம கண்ணாடிப்பொடி கணக்கா கூரா இருக்கும், அது மேல வாரி அடிச்சா விண்வெளி உடை, கருவி எல்லாம் போச்சு. டேப்பு ஒட்டிப் பாத்தாங்க, நிக்கல. அப்புறம் நாலு மேப்ப ஒண்ணா ஒட்டி, கிளாம்ப் போட்டு மாட்டி, அதோடவே மீதி நாளெல்லாம் ஓட்டினாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் யாரும் அங்க கால் வைக்கல, மெஷின்தான் இறங்குது.

மெஷின்லயும் எனக்குப் புடிச்சது நம்ம சந்திரயானோட லேண்டர் விக்ரம். 2019ல ஒண்ணு விழுந்து நொறுங்குனப்போ நீ போன்ல பேசவே இல்ல, ஞாபகம் இருக்கா? 2023 ஆகஸ்ட் 23 இன்னொன்னு இறங்குச்சு, அதோட விடல, பதினோரு நாள் கழிச்சு இன்ஜின ஸ்டார்ட் பண்ணி 40 செ.மீ. எம்பி பக்கத்துலயே மறுபடி உக்காந்துச்சு. அந்த 40 சென்டிமீட்டர நெனச்சாலே எனக்கு நெஞ்சு நெறஞ்சு போவுது.

உன் முட்டிவலி எப்படி இருக்கு? படி ஏற முடியும்னா வர்ற பௌர்ணமிக்கு வந்துடு, எந்தத் திட்டுன்னு காட்டறேன்.